புத்தலப்பட்டு தாண்டி ஒரு ஆரோக்கியவரம்

சித்தூரிலிருந்து வரும் சாலை புத்தலப்பட்டில் பிரிகிறது. பெரும்பாலோர் திருப்பதிக்குத் திரும்பிவிடுவார்கள். பீலேர் வழியாகப் போனால் மதனப்பள்ளி. 1919இல் தாகூர் ‘ஜன கண மன’வுக்கு ஆங்கில வடிவம் தந்த ஊர். அதை ஒட்டி ஆரோக்கியவரம்.

1863இல் மதனப்பள்ளிக்கு வந்த அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஜேக்கப் சேம்பர்லின், பைபிளோடு மருந்துப் பெட்டியும் கொண்டுவந்தவர். ஆனால் வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது, 1915இல் பல மிஷன்கள் கூடித் திறந்த காசநோய் சானடோரியம்தான். அதை வளர்த்தவர் டென்மார்க் டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர். அன்று காசத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. கூலிக்காரனுக்கு இதில் எது கட்டுப்படியாகும்?

1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி சோதனையாகத் தொடங்கியதும் மதனப்பள்ளியில்தான். (பின்னாளில் ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்தது தனிக்கதை.)

சானடோரியங்களுக்கு முடிவுரை எழுதியது சென்னை. மாத்திரை சாப்பிட்டால் ஏழை வீட்டிலிருந்தபடியே குணமாகலாம் என்று அங்கு நடந்த ஆய்வு 1959இல் காட்டியது. நோயாளிக்கு அது விடுதலை. ஆரோக்கியவரத்துக்கோ பிழைப்புப் பிரச்னை. பொது மருத்துவமனையாக மாறித் தப்பித்தது. ஓராண்டு விடாமல் மாத்திரை விழுங்கவைப்பது மட்டும் டாக்டர்களுக்குப் புதிய தலைவலியானது.