மறுபடி செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்

'புற்றுநோய்க்குப் புதிய மருந்து' என்ற செய்தி நம் குடும்பக் குழுக்களில் அடிக்கடி வருகிறது. நோயாளி இருக்கும் வீட்டில் அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நாம் அறிவோம். அதனாலேயே இந்தக் கணக்கையும் அறிய வேண்டியுள்ளது.

2013இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சிலர் ஒரு பணியில் இறங்கினர். 2010 முதல் 2012 வரை வெளியான 53 முக்கியப் புற்றுநோய் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளை மறுபடி செய்து பார்ப்பதே நோக்கம். செய்முறை, எலிகளின் எண்ணிக்கை, கணக்கிடும் முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, பிற அறிஞர்கள் சரிபார்த்து, 'இலைஃப்' இதழில் வெளியான பிறகே சோதனை. முடிவைப் பார்த்துவிட்டுக் கணக்கை மாற்ற வழியில்லை.

திட்டமிடும்போதே சிக்கல் தொடங்கியது. கட்டுரையில் இருந்ததை மட்டும் வைத்து ஒரு சோதனையைக்கூடத் திட்டமிட முடியவில்லை. எழுதியவர்களிடமே விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சோதனைகளுக்கு உதவி கிடைக்கவில்லை.

2021 டிசம்பரில் முடிவுகள் வெளியானபோது, 23 கட்டுரைகளின் 50 சோதனைகளே நிறைவேறியிருந்தன. பலன் உண்டு என்று முன்பு சொல்லப்பட்டவற்றில், இடைநிலை அளவில், அந்தப் பலன் 85 சதவீதம் சிறியதாக இருந்தது.

இதனால் ஆய்வாளர்கள் பொய்யர்கள் என்றாகிவிடாது. செல்லிலோ எலியிலோ சிறு வேறுபாடும் முடிவை மாற்றக்கூடும். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள். மருத்துவமனைச் சிகிச்சைகள் மனிதர்களிடம் தனியே சோதிக்கப்பட்டவை. எனவே நடக்கும் சிகிச்சையை எவரும் நிறுத்திவிடக் கூடாது. புதுச் செய்தி வந்தால், பகிர்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்போம்: வேறு யாராவது செய்து பார்த்தார்களா? மனிதர்களிடம் சோதித்தார்களா?