கிடாருக்கு எதற்கு ஈட்டி மரம்?

கல்லூரி லீவுக்கு வந்த பேரன் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான். சொந்தமாக எலக்ட்ரிக் கிடார் செய்யப் போகிறானாம். கழுத்து, கம்பி, பிக்-அப் எல்லாம் தனித்தனியாக வாங்கியாகிவிட்டது. உடம்புக்கு மட்டும் மரம் வேண்டும். ‘மஹாகனி இல்லாட்டி ஈட்டி, அப்பதான் தாத்தா சவுண்டு வரும்’ என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். ‘எல்லாரும்’ என்றான்.

இந்த ‘எல்லாரும்’ மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த வாரம் அவனை அமிர்திக்கு அழைத்துப் போயிருந்தேன். மிருகக்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தோம். இவன் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளாமல் மரக்கதையை ஆரம்பித்தான். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு ஆள் காதைத் தீட்டிக்கொண்டார். ‘ஈட்டி வேணுமா தம்பி? வைரம் பாய்ஞ்ச கட்டை இருக்கு. பில்லு கில்லு கேக்கக் கூடாது’ என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஜவ்வாது மலை என்றாலே சந்தனம். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. அந்தச் சந்தனக் காட்டைத் திருட்டுக் கோடாரி என்ன பாடு படுத்தியது என்பதை நம் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்தோம். அதே கோடாரிக்கு இன்னொரு கிராக்கியை என் பேரனே உண்டாக்குவதா? ஈட்டி மரத்தை எல்லை தாண்டி விற்பதற்கு 2017 முதல் உலக அளவிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. அப்படிப்பட்ட மரம் இதற்குத் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

முப்பது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை விட்டு எடுத்தால் கால்வனாமீட்டர் முள் ஆடும்; ஃபாரடே 1831-இல் கண்டது. எலக்ட்ரிக் கிடாரும் அதே சங்கதிதான். இரும்புக் கம்பி அதிர்கிறது, அடியில் இருக்கும் காந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. நைலான் கம்பியைக் கட்டிப் பாருங்கள், சந்தனக் கட்டையிலேயே செய்திருந்தாலும் அந்தப் பிக்-அப்புக்கு ஒன்றும் கேட்காது.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா, நாதஸ்வரத்துக்கு ஆச்சா என்று நம் பெரியவர்கள் தேடித் தேடிச் செய்தார்களே என்பீர்கள். நியாயம். வீணையில் குடமே பாடுகிறது, மரம் அதிர்ந்தால்தான் நாதம். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து குடமே இல்லாத கட்டைக் கிடாரில் போடுவதுதான் தப்பு. மாண்டலின் சீனிவாஸ் கச்சேரியில் கேட்டோமே, அதுவும் உள்ளே பொள்ளல் இல்லாத எலக்ட்ரிக் வாத்தியம்தான். யாராவது அது என்ன மரம் என்று கேட்டோமா?

மரம் மாறினால் ஒரு துளிகூட மாறாது என்று நான் சாதிக்கவில்லை. கம்பியின் அதிர்வு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் பிக்-அப்பை இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஒரு திருப்புளி போதும்.

அமெரிக்காவில் லெஸ் பால் என்பவர் 1940 வாக்கில் ஒரு நாலங்குலப் பைன் கட்டையில் கம்பியைக் கட்டி வாசித்தார். பார்ப்பவர்களுக்காக இரண்டு பக்கமும் பழைய கிடாரின் பாதிகளை ஒட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையன் 1963-இல் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு கிடார் செய்ய ஆரம்பித்தான். கழுத்து, கணப்படுப்பின் பழைய மரச்சட்டம். உடம்பில் பழைய மேஜையின் ஓக் பலகை. அம்மாவின் பின்னல் ஊசி முனைகூட அதில் இருக்கிறது. பிற்பாடு குயீன் குழுவில் உலகம் முழுக்க அதைத்தான் வாசித்தார். இதைச் சொன்னதும் பேரன் முகம் மாறியது. குயீன் என்றால் அவனுக்கு உயிர்.

பிறகு என்னதான் பார்க்க வேண்டும்? முதலில் ஈரம். பச்சை மரம் பின்னால் வளையும், வெடிக்கும், கழுத்து பொருந்தாது. பலகையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அடுத்தது கனம். ஒன்றே முக்கால் அங்குல கனப் பலகையில் உடம்பு மட்டும் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கினால் நல்லது. ஆச்சாவில் செய்தால் தண்ணீரில் முங்கும், தோளையும் முறிக்கும். அப்புறம் திருகாணி பிடிக்க வேண்டும், உளிக்குச் சிம்பு பெயரக் கூடாது. பலா போதும், தேக்கு போதும், குமிழ் போதும். மஹாகனி மஹாகனி என்று உருகுகிறார்களே, அது நம் வேப்ப மரத்தின் குடும்பம்தான். காய்ந்த வேம்புகூட ஆகும். அகலம் பற்றாவிட்டால் இரண்டு துண்டை ஒட்டுங்கள், கம்பெனிக்காரர்களே ஒட்டித்தான் விற்கிறார்கள்.

எங்கள் பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய பலா ஊஞ்சல் பலகை பரண்மேல் கிடந்தது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டங்குல கனம். அறுபது வருடம் காய்ந்த மரத்தை எந்தக் கடையில் வாங்குவது? இறக்கச் சொன்னேன். வீட்டுக்காரிக்கு மனசே இல்லை. ‘ஏங்க, அத்தை உக்காந்த பலகைங்க அது’ என்று குரல் தழுதழுத்தாள். எனக்கும் சங்கடம்தான், அம்மா அதில் உட்கார்ந்துதான் வெற்றிலை மடிப்பாள். இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே ஆசாரியை வரச் சொன்னாள், ஒரு கண்டிஷனோடு. ஒரு கோடியில் இருபது அங்குலம் கிடாருக்கு. மிச்சத்தில் அவளுக்கு இரண்டு மணை. ஆசாரி முதல் வேலையாகக் காந்தத்தைத் தடவி, உள்ளே முறிந்து கிடந்த பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கினார். இப்போது திண்ணையில் இழைப்புளி ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு முழுக்க மஞ்சள் சுருள்.