வரைந்தவர் யார்?

தைப்பூசத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது பத்துமலை கொமுட்டர் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். கோயில் வளாகத்தைச் சுற்றிலும் வேலிகளிலும் விளக்குக் கம்பங்களிலும் பதாகைகள் தொங்கும். தண்ணீர்ப் பந்தல் அமைப்போர், மோர் வழங்குவோர், காவடிக் குழுவினர், கடைக்காரர்கள், அரசியல் பிரமுகர்கள் என ஆளுக்கொரு பதாகை. ஒவ்வொன்றிலும் முருகன், மயில், வேல், பின்னணியில் 272 படிகள். 2018ஆம் ஆண்டு படிகளுக்குப் பல வண்ணம் பூசப்பட்ட பிறகு பதாகைகளிலும் அந்த வண்ணங்கள் ஏறிக்கொண்டன. கீழ்ப்பகுதியில் நன்கொடையாளரின் படம் இருக்கும். அச்சகத்தின் தொலைபேசி எண் இருக்கும். வரைந்தவரின் பெயர் மட்டும் இராது.

அவற்றுள் சிலவற்றை வரைந்தவரை எனக்குத் தெரியும். நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதித்த காலத்தில் என்னிடம் பயின்ற மாணவி. இப்பொழுது தாமான் வாயுவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இலக்கவியல் ஓவியராகத் தொழில் செய்கிறார். "என்ன டீச்சர், எல்லாரும் கம்ப்யூட்டர்தானே வரையுதுன்னு சொல்றாங்க," என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கூறினார். அந்தச் சிரிப்பில் கசப்பும் இருந்தது. இலக்கவியல் ஓவியரை ஒரு தொழிலராக நம் சமூகம் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்பதே என் கருத்து. அவர்தம் அன்றாட வேலையை அறிந்தால் அந்த எண்ணம் மாறும்.

கணினி தானாக எதையும் வரைவதில்லை. வரைபலகையின் மீது மின்பேனாவை அழுத்தும் வலிமைக்கேற்பக் கோடு தடிக்கும், மெலியும். அந்த அழுத்தத்தைக் கை பல ஆண்டுப் பழக்கத்தால் கற்கிறது. முகம் ஓர் அடுக்கில், அணிகலன் இன்னோர் அடுக்கில், மயில் தோகை வேறோர் அடுக்கில் என ஒரே படம் நாற்பது ஐம்பது அடுக்குகளாக வளரும். வரைந்து முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் கவலை தொடங்கும். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சகமோ மையால் வண்ணம் காட்டுகிறது. திரையில் மின்னும் மயில் கழுத்தின் நீலம், துணியில் அச்சாகும்போது மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். இதை முன்கூட்டியே கணித்து வண்ணத்தை மாற்றுபவர் ஓவியர். வாடிக்கையாளர் படத்தைப் புலனத்தில் அனுப்பச் சொல்வார். புலனம் அதைச் சுருக்கிவிடும். சுருங்கிய படத்தைப் பத்தடிப் பதாகையாக அச்சிட்டால் முருகனின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். பழியோ ஓவியர் மேல் விழும்.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல் தனி. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் அறியாத அச்சகப் பணியாளருக்கு அது பிழையென்றே தெரியாது. சாலையோரப் பதாகைகளில் நாம் கண்டு முகம் சுளிக்கும் பிழைகளில் ஒரு பகுதி இப்படி வந்தவைதாம். தமிழ் தெரிந்த ஓவியர் ஒருவர் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தால் அவை நேரா. ஆனால் அந்தச் சரிபார்ப்புக்கும் கூலி உண்டு என்று சொன்னால் நம்மவர்கள் வியக்கிறார்கள்.

"சின்ன வேலைதான்மா, அரை மணி நேரம் ஆகுமா?" என்று தொடங்கும் வேலைகளைப் பற்றி அந்த மாணவி நிறையவே கூறியிருக்கிறார். விலை பேசும்போது ஒரு படம். பிறகு அதே படம் அழைப்பிதழுக்கு, சட்டைக்கு, முகநூலுக்கு என நான்கு அளவுகளில் வேண்டும். பின்னர் தலைவரின் படத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். துணைத்தலைவருக்கு மனவருத்தம் வராமல் அவரையும் சேர்க்க வேண்டும். ஆறாவது திருத்தம் நள்ளிரவில் வரும். விழா முடிந்து மாதங்கள் கடந்தும் பணம் வராது. கேட்டால், "கோயில் காரியம்தானே, புண்ணியமாப் போகும்" என்பர்.

சிறிய ஆலயங்களிடமும் இளைஞர் மன்றங்களிடமும் உண்மையிலேயே பணம் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. தொண்டு நம் மரபு. ஓவியரும் விரும்பினால் தொண்டு செய்யலாம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சகத்துக்குப் பணம் தரப்படுகிறது. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கி வைப்பவருக்கும் முன்பணமே தரப்படுகிறது. ஓவியரிடம் மட்டும் ஏன் புண்ணியத்தைக் காட்டுகிறோம்? அவர் விற்பது துணியோ இரும்போ அன்று, நேரமும் திறனும். கண்ணால் எடைபோட முடியாததால் அதற்கு விலையில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

பிறரைக் குறை கூறும் முன் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். பாடநூல் பணியில் ஓவியர்களோடு நான் பணியாற்றியிருக்கிறேன். ஒருமுறை ஒரு சிறுகதைக்குப் படம் வரையக் கேட்டிருந்தோம். ஓவியர் தோட்டப்புற லயன் வீடு, அதன் முன் சைக்கிள், திண்ணையில் பாட்டி என அழகாக வரைந்து அனுப்பினார். அதன்பின் கதையை மாற்றினோம். திண்ணை போய்ப் பேருந்து நிலையம் வந்தது. மீண்டும் வரைந்தார். பிறகு பாத்திரத்தின் வயதை மாற்றினோம். மூன்றாம் முறையும் வரைந்தார். தவறு எங்களுடையது, திருத்தமோ அவருடையது. கூடுதல் ஊதியம் பற்றி அக்கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நூல் வெளிவந்தபோது எழுத்தாளர்களின் பெயர்களைத்தான் முதலில் தேடிப் படித்தேன்.

தனியாகத் தொழில் செய்யாமல் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டால் இத்தொல்லைகள் இரா என்று சிலர் கூறுவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்கான வாய்ப்பு இருப்பதும் உண்மையே. 1996ஆம் ஆண்டு பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து இத்துறை வளர்ந்து வந்துள்ளது. ஷா ஆலாமில் உள்ள லெஸ் கொப்பாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'உப்பின் இப்பின்' தொடரை அறியாத குழந்தை நம் நாட்டில் இல்லை. அதே பாத்திரங்களைக் கொண்டு 2019இல் வெளிவந்த திரைப்படம், ஆஸ்கார் விருதின் அசைவூட்டப் பிரிவுக்குப் பரிசீலிக்கத் தகுதிபெற்ற 32 படங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இவ்வகைப் படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஒரு பாத்திரம் ஐந்து வினாடி சிரித்தால் 120 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணும் உதடும் கன்னமும் ஒத்துப்போக வேண்டும்.

எனினும் நிறுவனத்தின் பெயரும் புகழும் ஓவியருக்குப் பாதுகாப்பு ஆகிவிடா. 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்தை எண்ணிப் பார்க்கிறேன். புதுச்சேரியில் வளர்ந்த தமிழ்ச் சிறுவன் ஒருவன் கடலில் புலியோடு தத்தளிக்கும் கதை. படத்தில் நாம் காணும் புலியின் பெரும்பகுதி, ரோமம் ரோமமாகக் கணினியில் உருவாக்கப்பட்டது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு இந்தியாவிலும் கோலாலம்பூரிலும் கிளைகள் இருந்தன. நம் நாட்டு ஓவியர்களும் அப்பணியில் பங்கேற்றனர். 2013 பிப்ரவரி 24ஆம் நாள் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதை வென்றது. அதற்குப் பதினொரு நாள் முன்னர்தான், பிப்ரவரி 13ஆம் நாள், அந்நிறுவனம் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனு செய்திருந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். விருது மேடையில் அதைக் குறிப்பிடத் தொடங்கியவரின் பேச்சு, இசையை எழுப்பி நிறுத்தப்பட்டது. அரங்குக்கு வெளியே ஓவியர்கள் மறியல் செய்துகொண்டிருந்தனர். உலகமே வியந்த புலியை வரைந்தவர்கள் நிலையே அதுவென்றால் மற்றவர் நிலையை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் படமோ விளையாட்டுப் பாத்திரமோ செய்து தரும் நிறுவனங்கள் பல இங்கு இருக்கின்றன. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு. கெடு நெருங்கினால் வீடு திரும்பும் நேரம் தள்ளிப்போகும். 2023 ஜனவரி முதல் நம் நாட்டுச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்துள்ளது. சட்டம் நன்று. ஆனால், மணிக்கட்டு வலியும் கண்ணெரிச்சலும் உள்ள இளையோரிடம் பேசினால், அந்த 45 மணி ஏட்டில் மட்டும் இருப்பது புரியும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது அடி தொலைவிலுள்ள பொருளை இருபது வினாடி பாருங்கள் என்பது கண் மருத்துவர்கள் கூறும் எளிய அறிவுரை. அதைக்கூடப் பின்பற்ற நேரமில்லை என்கிறார்கள்.

தனித்தொழில் செய்வோர்க்குச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு. பலர் அதை அறியார். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வாடகைக்கார் ஓட்டுநர்களுக்காக வந்தது; 2020இல் கலைத்துறை உட்படப் பல துறைகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஓவியர் சொக்சோவில் தாமே சந்தா செலுத்தலாம். இதைவிட முக்கியமானது 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதன் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க வரைந்து கொடுத்த படத்தின் உரிமை, வேறு உடன்பாடு இல்லையேல், வரையச் சொன்னவருக்கே போய்ச் சேரும். வாய்ப்பேச்சில் வேலை எடுக்கும் ஓவியர் தம் படத்தை இப்படித்தான் இழக்கிறார். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னொன்றையும் கூறுகிறது: படைத்தவரைக் குறிப்பிடாமல், அவரது இசைவுமின்றி, படைப்பை வெளிப்படுத்தக் கூடாது. அதாவது, படம் கைமாறினாலும் பெயர் கைமாறுவதில்லை. பத்துமலையில் நான் கண்ட பதாகைகளைப் பற்றி இந்தப் பிரிவைப் படித்த பிறகுதான் எனக்குக் கேள்வி எழுந்தது.

இப்பொழுது புதியதொரு நெருக்கடி வந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. சில சொற்களைத் தட்டினால் நொடிகளில் படம் வரும். பதாகைக்கு இது போதுமே, ஓவியர் எதற்கு என்று கேட்போர் பெருகிவிட்டனர். மறுபுறம், அக்கருவிகள் கற்றுக்கொண்டது இணையத்தில் கிடந்த மனித ஓவியங்களைப் பார்த்துத்தானே, எங்களிடம் கேட்டீர்களா என்று 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர்கள் மூவர் வழக்குத் தொடுத்தனர். சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கிளேஸ்' என்னும் மென்பொருளை உருவாக்கி, ஓவியரின் பாணியைக் கருவிகள் நகலெடுக்காதவாறு காக்க முயல்கின்றனர்.

கருவியையே வெறுக்க வேண்டும் என்று நான் கூற மாட்டேன். என் மாணவியும் வெறுக்கவில்லை. பின்னணி மேகங்களுக்கு அதைச் சோதித்துப் பார்த்ததாகக் கூறினார். ஆனால், அவர் காட்டிய ஒரு படம் என்னைச் சிந்திக்க வைத்தது. வாடிக்கையாளர் ஒருவர் கருவியில் எடுத்து வந்த முருகன் படம். பளபளப்பாக இருந்தது. வேலைப் பிடித்த கையில் ஆறு விரல். வேலின் நுனி திரிசூலம் போல் பிளந்திருந்தது. சேவற்கொடியில் சேவல் இல்லை. ஏதோ ஒரு கிளி. "இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடு, ஐம்பது வெள்ளி தர்றேன்" என்றாராம். புதிதாக வரைவதைக் காட்டிலும் அதைச் சரிசெய்யக் கூடுதல் நேரம் பிடிக்கும். வேலுக்கும் சூலத்திற்கும் உள்ள வேறுபாடு தெரிந்த மனிதர் ஒருவர் கடைசியில் தேவைப்படுகிறார்; ஆனால் அவருக்கான கூலி மட்டும் ஐம்பது வெள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. என் அச்சம் இதுதான்.

என் பாட்டி வீட்டுச் சுவரில் சிவகாசியில் அச்சான பழைய நாட்காட்டிப் படம் ஒன்று தொங்கியது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு வரைந்தது. 1898இல் பிறந்து 1976இல் மறைந்த அவரும் அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் கடல் கடந்து தமிழர் வீடுகளுக்குச் சென்றன. அவையும் விளம்பரத்திற்காக அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டவைதாம். ஆனாலும் படத்தின் மூலையில் ஓவியரின் கையொப்பம் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வயதில் நான் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன்.

கடந்த தைப்பூசத்தின்போது என் மாணவி ஒரு தண்ணீர்ப் பந்தல் குழுவிடம் வேலை எடுத்தார். இம்முறை ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதிக்கொண்டார்: பாதித் தொகை முன்பணம், இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம், மூலையில் பெயர். குழுத் தலைவர் முதலில் முகத்தைச் சுளித்தாராம், பிறகு கையொப்பமிட்டார். நான் அந்தப் பதாகையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். நன்கொடையாளர் படத்திற்கும் அச்சகத்தின் எண்ணுக்கும் இடையில், மயிலின் காலடியில், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டால்தான் தெரியும். எழுத்துப்பிழை இல்லை.