ஓதத் தெரிந்த பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கற்றுக்கொடுப்போம்



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், நம் மக்தபில் சிறுவயதில் குர்ஆன் ஓதி முடித்த மாணவி ஒருத்தி தம் தாயாருடன் நம்மைக் காண வந்தார். தந்தை பொதட்டூர்பேட்டையில் விசைத்தறித் தொழிலாளி. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவர். பள்ளித் தேர்வுகளில் ஆங்கிலத்தில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுப்பவர். மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர க்யூட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். கையில் ஒரு மாதிரி வினாத்தாள் இருந்தது. பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில் பன்னிரண்டு வினாக்கள். அவற்றில் நான்குதான் சரி.

அந்தப் பத்திகளில் ஒன்று, தேநீர் அருந்தும் பழக்கம் நாடு நாடாகப் பரவிய விதத்தைக் கூறியது. ஆசிரியரின் மையக் கருத்து எது என்பது வினா. மிகுதியாகத் தேநீர் அருந்துவது உடலுக்குக் கேடு என்ற விடையை அவர் தேர்ந்திருந்தார். பத்தியில் உடல்நலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "இதை ஏன் தேர்ந்தெடுத்தாய், மகளே?" என்று கேட்டோம். "அது உண்மைதானே, ஹஜ்ரத்!" என்றார்.

அந்த விடை நம்மைப் பல நாள்கள் உறங்கவிடவில்லை. அவரிடம் அறிவுக் குறைவு இல்லை. ஆங்கிலச் சொற்களும் பெரும்பாலும் தெரிந்திருந்தன. எழுதியவர் என்ன சொன்னார் என்று கேட்கும் வழக்கம்தான் அவரிடம் இல்லை. பள்ளிப் பாடத்தின் வினா விடைகளை மனப்பாடம் செய்து தொண்ணூறு எடுத்தவர், முன்பின் பார்த்திராத ஒரு பத்தியின் முன் தனித்து நின்றபோது, தம் நினைவில் இருந்ததையே பத்தியின் மீது ஏற்றிவிட்டார்.

இதில் நம் பங்கை மறைப்பது நேர்மையாகாது. ஏழு ஆண்டுகள் அவர் நம் முன்னே அமர்ந்து ஓதினார். மக்ரஜ் திருத்தினோம், மத்து, குன்னா திருத்தினோம். "இதில் என்ன கூறப்பட்டிருக்கிறது?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. பொருள் அறியாமல் ஓதினாலும் நன்மை உண்டு. அதைக் குறைத்துக் கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் உதடுகள் அசைந்தால் வாசிப்பு நிகழ்ந்துவிட்டது என்ற எண்ணத்தை அவர் உள்ளத்தில் முதலில் விதைத்தது நம் பாயும் ரைஹாலும்தாம். பள்ளிக்கூடம் அதற்கு நீர் ஊற்றியது, அவ்வளவே.

இந்தத் தேர்வு எத்தகையது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். எனவே சுருக்கமாகக் கூறுகிறோம். தமிழகத்தில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. கலை, அறிவியல் கல்லூரிகளும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகின்றன. ஆதலால் இத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாகும் பழக்கம் நம் வீடுகளில் வேர்விடவில்லை. ஆனால் 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் தேர்வே வாயிலாக அமைந்துவிட்டது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திற்கும் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கும் அதுவே வழி. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும் சில படிப்புகளுக்கு அதன் மதிப்பெண்ணை ஏற்கின்றன.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் 50 வினாக்கள், 60 நிமிடங்கள்; அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று கழியும். மொழித்தாளில் தகவல் சார்ந்தது, இலக்கியம் சார்ந்தது, நிகழ்வை விவரிப்பது என மூவகைப் பத்திகள் வரும். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மேற்படாது. மொழித்தாளைத் தமிழ், உருது, ஆங்கிலம் உள்ளிட்ட 13 மொழிகளுள் ஒன்றில் எழுதலாம். ஆயினும் பல படிப்புகளுக்கு ஆங்கிலத் தாளே கேட்கப்படுகிறது. எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்புக்கு எந்த மொழியைக் கேட்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தேர்வே கூடாது என்பாரும் உளர். தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் ஏழைப் பிள்ளைகள் பின்தங்குவர் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அந்த வாதம் நடக்க வேண்டிய இடத்தில் நடக்கட்டும். இவ்வாண்டு தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு, வாதம் முடியும்வரை காத்திருக்க வயது இடம் தராது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறு மாதமே நம் இளைஞர்களை ஏற்றிச் செல்லக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள ஆலைகளின் ஒப்பந்த வேலைகள் காத்திருக்கின்றன. ஹலாலான உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் வேறு வழி இருந்ததை அறியாமலே ஒரு பிள்ளை அந்த வண்டியில் ஏறினால், அதற்கு நாமும் பதில் கூற வேண்டியவர்களே.

"மதரஸா ஆசிரியருக்கு ஆங்கிலப் பத்தியில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர் அரை மாதத்தில் அதனைக் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. காரணமும் அங்கேயே கூறப்படுகிறது: வருகின்ற கடிதங்களையும் செல்கின்ற கடிதங்களையும் பிறரை நம்பி விட்டுவிட அண்ணலார் விரும்பவில்லை. பிறமொழியில் எழுதப்பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் புரிந்துகொள்ளும் ஒருவர் சமூகத்திற்குத் தேவைப்பட்டார். அன்று அந்த இளம் தோழர் கற்றதும், இன்று வினாத்தாள் கேட்பதும் அடிப்படையில் ஒன்றே.

நம் முன்னோர் இதனை உணர்ந்தே இருந்தனர். சர் சையத் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் இட்ட வித்து 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. நம் வடதமிழகத்திலேயே வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. சென்னை நியூ காலேஜ் 1951இல் எழுந்தது. கட்டடம் எழுப்பும் பணியை அவர்கள் செய்து முடித்தனர். உள்ளே நுழையும் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்குவது நம் பொறுப்பில் உள்ளது.

அதற்கான கருவியும் நம்மிடமே இருக்கிறது. ஹனஃபி மதரஸாக்களில் உஸூலுஷ் ஷாஷியும் நூருல் அன்வாரும் ஓதியோர் இதை எளிதில் உணர்வர். ஒரு வாசகம் எதைக் கூறவே அமைக்கப்பட்டதோ அது இபாரத்துன் நஸ். அதே சொற்களுக்குள் குறிப்பாய் அடங்கியிருப்பது இஷாரத்துன் நஸ். சொல்லப்பட்டதன் காரணத்தைக் கொண்டு, சொல்லப்படாத ஒன்றுக்கும் அது பொருந்துவதை அறிவது தலாலத்துன் நஸ். வாசகம் பொருள்பட வேண்டுமாயின் எதை ஏற்றே ஆக வேண்டுமோ அது இக்திளாவுன் நஸ். இந்த எல்லைகளைத் தாண்டி, தன் விருப்பத்தை வாசகத்தின் வாயில் திணிப்பவனுக்கு அங்கே இடமில்லை.

சட்டம் வகுக்கும் அந்தப் பெருங்கலையும் நுழைவுத் தேர்வும் ஒரே தரத்தவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் வாசகத்திற்குக் கட்டுப்படும் பழக்கம் இரண்டுக்கும் பொது. ஓர் எளிய எடுத்துக்காட்டு: "மழைநாளில் ஒரு வணிகர் தம் குடைக்கடையைத் திறந்தார். காலையில் அடுக்கிவைத்த குடைகள் மாலையிலும் அப்படியே இருந்தன." அன்று மழை பெய்ததா என்பது நேரடி வினா, விடை சொல்லிலேயே உண்டு. குடை ஏதும் விற்றதா என்பது குறிப்பு வினா. இல்லை என்று எவரும் சொல்லவில்லை, ஆனால் வாசகம் அதைக் காட்டுகிறது. அவ்வூர் மக்கள் வறியவர்கள் என்ற விடை வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வாசகம் அதைச் சொல்லவில்லை. நம் மாணவி தடுமாறியது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

தொடக்கத்தில் நாமும் தவறான வழியிலேயே சென்றோம். அவருக்கும் அவருடைய தோழியர் மூவருக்கும் நாளொன்றுக்கு முப்பது ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம். ஒரு மாதம் சென்றது. சொற்கள் பெருகின, மதிப்பெண் அசையவில்லை. பழைய நோய்க்கு அதே நோயை மருந்தாகக் கொடுத்திருந்தோம். பின்னர் வழியை மாற்றினோம். அனுபவத்தில் பயன் தந்த அம்முறையைக் கூறுகிறோம்.

நாள்தோறும் ஒரே ஒரு பத்தி போதும். முதல் மாதம் கடிகாரம் வேண்டாம். பத்தியை இருமுறை படித்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, அதில் கூறப்பட்டதைத் தமிழிலோ உருதுவிலோ தாயாரிடம் சொல்ல வேண்டும். தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்வது அவருக்குப் புரிகிறதா என்பதே சோதனை. அவருக்குப் புரியவில்லை எனில், பெரும்பாலும் பிள்ளைக்கும் புரியவில்லை என்றே பொருள்.

பிறகு வினாக்கள். ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட இயலாத விடை, தற்செயலாகச் சரியாக இருந்தாலும், பயிற்சியில் தவறு என்றே கொள்ளப்படும். தெரியாத சொல் வந்தால் முன்பின் வரிகளைக் கொண்டு முதலில் பொருளை ஊகித்து, அதன் பின்னரே அகராதியைத் திறக்க வேண்டும். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

தவறுகளுக்கென ஒரு குறிப்பேடு வேண்டும். அதில் மூன்று கட்டங்கள். சொல் தெரியாததால் வந்த தவறு, வினாவைச் சரியாகப் படிக்காததால் வந்த தவறு, சொந்தக் கருத்தைப் புகுத்தியதால் வந்த தவறு. எந்தக் கட்டம் நிரம்புகிறதோ அங்கேதான் மருந்து தேவை. நம் மாணவியின் ஏட்டில் மூன்றாவது கட்டமே முதலில் நிரம்பியது.

ஊகித்து விடையளிப்பது பற்றியும் ஒரு சொல். ஐந்தும் ஒன்றும் என்ற கணக்கில், நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தாலும் சராசரியில் நட்டமில்லை. தேர்வறையில் அதைத் தடுக்க மாட்டோம். ஆனால் பயிற்சியில் ஊகித்த விடைகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி இட்டாக வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடை பகர்ந்தார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. தெரியாததைத் தெரியாது என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ளாத மாணவர் முன்னேறுவதில்லை.

இவை பழகிய பின்னரே கடிகாரம். 60 நிமிடங்களில் 50 வினாக்கள் என்றால் வினாவுக்கு 72 நொடிகள். பத்தியைப் படிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம். பத்தியைப் படிக்காமலே வினாவிலுள்ள சொல்லைத் தேடிப் பிடிக்கும் உத்தியைச் சிலர் கற்பிக்கின்றனர். நேரடி வினாவுக்கு அது உதவலாம். மையக் கருத்தையும் ஆசிரியரின் மனநிலையையும் கேட்கும் வினாவில் அது கைவிட்டுவிடும். பொருளுக்குப் பெருஞ்செலவும் வேண்டாம். என்சிஇஆர்டி பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிளை நூலகத்தில் ஆங்கில நாளிதழ் இருந்தால் அதன் தலையங்கம் ஒரு நாளைய பாடம்.

ஜமாஅத் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். ஆண்டுக்கொருமுறை மண்டபம் பிடித்துக் கல்வி வழிகாட்டி முகாம் நடத்துகிறோம். சால்வையும் கேடயமும் வழங்குகிறோம். அது நடக்கட்டும். அதோடு, மக்தபின் ஓர் அறையை நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசிப்புக்கென ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின், ஆண் பிள்ளைகளுக்கு மஃக்ரிபுக்குப் பின். தறிச் சத்தம் ஓயாத வீடுகளில் அமைதியான ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. ஒரு மின்விளக்கு, ஒரு கடிகாரம், பயன்படுத்திய சில வினாத்தாள்கள், கேள்வி கேட்க ஒரு பெரியவர், இவை போதும். மஹல்லாவைச் சேராத பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாலும் பாய் விரியட்டும். உருது, தமிழ், தெலுங்கு என மும்மொழியும் காதில் விழ வளரும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி பாரமன்று.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாம் விழித்துக்கொண்டது தாமதமாக. எஞ்சியிருந்தது மூன்று மாதம். மதிப்பெண் உயர்ந்தது, ஆனால் அவர் விரும்பிய இடத்திற்கு அது எட்டவில்லை. இன்று பேருந்தில் சென்று வரும் தொலைவிலுள்ள ஒரு கல்லூரியில் பட்டம் பயில்கிறார். அஸருக்குப் பின் நான்கைந்து சிறுமியர் அவர் முன் அமர்கின்றனர். சென்ற வாரம் வாசலைக் கடந்தபோது ஒரு குரல் கேட்டது: "அது உண்மைதான்டா கண்ணு. ஆனா, பத்தியில எங்க இருக்கு? வரியத் தொட்டுக் காட்டு."

ஏழு ஆண்டுகள் நாம் கேட்கத் தவறிய கேள்வி அது. அடுத்த பிள்ளைக்காவது அது காலத்தில் கேட்கப்பட வேண்டும். வல்ல இறைவன் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும், சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே விளங்கிக்கொள்ளும் நேர்மையையும் வழங்குவானாக. ஆமீன்.