அந்த வரியை அடித்துவிடுங்கள்

"பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் தீவிரமடைந்ததும் அல்ல." 1996-ல் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றபோது, அவருடைய இடது காதைப் பற்றி மருத்துவக் குழு எழுதிய வரி இது. ஊனம் 30 சதவீதம் என்று மேலே எழுதியவர்களே கீழே இதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பணியால் போகவில்லை என்றால் வேறு எதனால் போனது அந்தக் காது? 1979-ல் ஆளெடுப்பில் தலை முதல் கால் வரை சோதித்து எடுத்தீர்களே, அன்றைக்கு அது கேட்கவில்லையா? காது மந்தமானவனை எந்த ராணுவம் சிக்னல்ஸ் பிரிவில் சேர்க்கும்? ஜபல்பூரில் மோர்ஸ் ஒலியைப் புள்ளி, கோடு பிசகாமல் கேட்டு எழுதப் பழகிய காது ஐயா அது.

எங்களுடையது வேலூர்ப் பக்கம். இங்கே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. பட்டாளத்துக்குப் போவது எங்கள் ஊர்களில் விவசாயம் பார்ப்பது மாதிரி, தாத்தா போனார், அப்பா போனார் என்று தொடர்வது. போன இடத்தில் என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1987 ஜூலை 29-ல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் இந்தியப் படையை இலங்கைக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் அது முழுப் போராகிவிட்டது. வடநாட்டுக் காலாட்படைப் பிரிவு ஒன்றோடு வயர்லெஸ் செட்டைச் சுமந்து போனார் அப்பா. அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அழுகை மட்டும் கேட்டது, அவருக்கு அழுகைக்குள் இருந்த ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது, வாசலில் உட்கார்ந்திருந்த கிழவி இவரைப் பார்த்து, "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, தம்பி?" என்று கேட்டாராம். கடைசிக் காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னார். பதில் என்ன சொன்னீங்க என்று அம்மா கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வருடம் அக்டோபர் 21 தீபாவளி. அன்றுதான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டது. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்பா அங்கே இல்லை. இருந்தாலும் அந்தச் சீருடையைத்தான் அவரும் போட்டிருந்தார். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என் அப்பாவை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. அவர்களுடைய குமுறல் என்னுடையதைவிடப் பெரியது. ஆனால் அவரை அங்கே அனுப்பியவர்களிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து, சாலையில் புதைத்த கண்ணிவெடி ஒன்று முன்னால் போன வண்டியைத் தூக்கி எறிந்தது. பின்வண்டியில் இருந்த அப்பா சாலையில் போய் விழுந்தார். இடது காதிலிருந்து ரத்தம். கட்டுப் போட்டுக்கொண்டு அன்று மாலையே செட்டை மாட்டிக்கொண்டார், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. இதற்கு எந்தக் காகிதமும் இல்லை என்கிறார்கள். கை கால் போனவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில், என் காதுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு நிற்பவர் இல்லை என் அப்பா.

கேட்காத காது வீட்டுக்குள் எப்படியெல்லாம் வாழ்ந்தது என்று எந்த மருத்துவக் குழுவும் வந்து பார்க்கவில்லை. தெருவில் நடந்தாலும் சரி, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, அம்மா எப்போதும் அவருக்கு வலது பக்கம்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோக்களில்கூட அப்படித்தான் நிற்கிறார்கள். பெண்டாட்டி இடது பக்கம் நிற்கணும் என்று போட்டோக்காரர் சொன்னதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தீபாவளிக்கு முதல் நாளே அப்பா சித்தப்பாவின் வயலுக்குப் போய்விடுவார். பம்ப்செட் ரூமில் மோட்டாரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார், வெடிச்சத்தம் அதில் அமுங்கிப்போகும் என்று. நெல்லுக்குத் தேவையோ இல்லையோ, அன்றைக்குத் தண்ணீர் பாயும். நாங்கள் புதுத்துணியோடு போய்ப் பலகாரம் கொடுத்துவிட்டு வருவோம். வாங்கும்போது கை நடுங்கும். அந்தக் கைதான் விடியற்காலையில் எழுந்து எங்கள் பள்ளிச் சீருடைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடும், ஷூவுக்குப் பாலிஷ் போடும். எங்களை ஒரு நாள் அடித்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு வங்கி ஒன்றில் துப்பாக்கியோடு காவல் வேலை. காது கேட்காது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தே வாழ்ந்தார். ஓய்வூதிய அலுவலகத்தில் அதே காதை நிரூபிக்க மனு மேல் மனு. ஒரே மனிதனை ஓரிடத்தில் ஒளிக்கவும் இன்னோரிடத்தில் கெஞ்சவும் வைத்தீர்களே, அதற்கு எத்தனை சதவீதம் போடுவீர்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது குறை இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், வீரன் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும், பணியால் வரவில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அரசு, வீரன் அல்ல. தீர்ப்பு வந்த பிறகும் அப்பாவின் மனுவுக்கு வந்த பதிலில் அதே பழைய வரி. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. ஜெயித்தாலும் மேல்முறையீடு வரலாம் என்று வக்கீல் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊனமுற்ற சிப்பாய்க்கு எதிராகவா நாட்டின் கருவூலத்தைக் காப்பாற்ற வேண்டும்?

1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அங்கே 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் செத்தார்கள். அவர்களுக்கு இலங்கை அரசுகூடக் கொழும்பை அடுத்து நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் நினைவுச்சின்னம் கட்டியது. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019-ல்தான். செத்தவர்களுக்கே இத்தனை காலம் என்றால், உயிரோடு திரும்பி வந்து பம்ப்செட் ரூமில் உட்கார்ந்திருந்தவரை யார் கேட்கப் போகிறார்கள்?

போன வருடம் அப்பா போய்விட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா போனாள். பணிப்பதிவேட்டில் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கிறது, ஆதாரில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் வேண்டும் என்றார்கள். கொடுத்தோம். பிறகு முத்திரை சரியில்லை என்றார்கள். பதினேழு வருடப் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் தனியாகக் குடும்பம் நடத்தியவளை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல், "நீங்கதான் சம்சாரம்னு எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அந்த மனுஷன் இதையெல்லாம் எத்தனை தடவை கேட்டிருப்பாரு, வீட்ல ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அழுதாள்.

குடும்ப ஓய்வூதியம் ஒருவழியாக வந்துவிட்டது. ஊனத் தொகைக்கான மனுவை இப்போது வாரிசுகளாக நாங்கள் தாக்கல் செய்கிறோம். நிலுவை மூன்று வருடத்துக்கு மேல் கிடைப்பது கஷ்டம் என்கிறார் வக்கீல். கிடைக்காவிட்டால் போகட்டும். 1996-லிருந்து எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தக் காகிதம் இருக்கிறது. என் அப்பா காதை எங்கோ தொலைத்துவிட்டு நாட்டிடம் காசு கேட்டவர் என்று அர்த்தம் வரும்படி எழுதிய காகிதம். அதை எழுதிய கைகளும் இப்போது ஓய்வில் இருக்கும். அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறேன்: பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, "களத்தில், பணியில், இந்த நாட்டுக்காக" என்று எழுதுங்கள். எழுதி, அதைத் தபாலில் போடாமல், என் அம்மாவை எதிரே உட்காரவைத்து அவள் கையில் கொடுங்கள்.