ரூட் அதிகாரமும் ஓட்டை ஸ்கிரிப்டுகளும்

லினக்ஸ் கணினியில் ரூட் வைத்ததுதான் சட்டம். எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் சாதாரணப் பயனருக்கும் சில சமயம் இந்த அதிகாரத்தில் ஒரு துளி தேவைப்படுகிறது. கடவுச்சொல்லை மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பதிவாகும் கோப்பில் எழுத ரூட்டுக்கு மட்டுமே அனுமதி. இந்தச் சிக்கலுக்கு பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி கண்ட வழிதான் செட்யுஐடி. இந்தக் குறி இட்ட நிரலை யார் இயக்கினாலும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1979-ல் இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

நல்ல யோசனைதான். ஆனால் இதே குறியை ஷெல் ஸ்கிரிப்ட் மீது இட்டால் வந்தது வினை! ஸ்கிரிப்டில் 'டேட்' என்று வெறுமனே எழுதியிருந்தால், அந்த நிரலை எங்கே தேடுவது என்று 'பாத்' மாறிதான் சொல்லும். அதை மாற்றுவதோ இயக்குபவர் கையில். தன் கோப்புறையில் அதே பெயரில் ஒரு போலி நிரலை வைத்துவிட்டால், அது ரூட் அதிகாரத்தோடு ஓடும்.

முழுப் பாதையையும் எழுதினால் போதுமா? போதாது. கர்னல் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் படித்து ஷெல்லைத் தொடங்குகிறது. ஷெல் அதே கோப்பைப் பெயரை வைத்து மீண்டும் திறக்கிறது. அந்த இடைவெளியில் பெயரை வேறு கோப்புக்குத் திருப்பிவிடலாம். இதனால்தான் ஸ்கிரிப்டில் உள்ள செட்யுஐடி குறியை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை. பெர்ல் மொழி இதற்கென்றே வைத்திருந்த 'சூயிட்பெர்ல்' கூட 2010-ல் வந்த 5.12 பதிப்போடு விடைபெற்றது.

முன்வாசல் அடைந்தாயிற்று. ஆனால் நிர்வாகிகள் 'சூடோ', 'கிரான்' என்ற கொல்லைப்புறக் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள். கடவுச்சொல் கேட்காமல் சூடோவில் ஓடும் ஸ்கிரிப்ட், பயனரே திருத்தக்கூடிய கோப்புறையில் கிடக்கிறது. அவர் அதில் ஒரு வரி சேர்த்தால் அவரே ரூட்!

தினமும் இரவில் கிரான் இயக்கும் பேக்கப் ஸ்கிரிப்டும் அப்படித்தான். எல்லாக் கோப்புகளையும் சேர்க்க 'டார்' கட்டளையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். சிறுகோட்டில் தொடங்கும் கோப்புப் பெயரை டார் தனக்கான ஆணையாக எடுத்துக்கொள்ளும். குனு டாரில் வேறு நிரலை இயக்கச் சொல்லும் ஆணையும் உண்டு. அந்தக் கோப்புறையில் எழுத முடிந்த எவரும், கோப்புக்குப் பெயர் வைத்தே கணினியைக் கைப்பற்றலாம். பலர் பயன்படுத்தும் சர்வரில் இது அத்தனை பேரின் கோப்புகளுக்கும் ஆபத்து.

சி மொழியில் எழுதினால் தப்பிக்கலாம் என்பார்கள் சிலர். செட்யுஐடி குறியோடு வரும் 'பிகேஎக்ஸெக்' சி நிரல்தான். அதில் 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. எனவே மொழியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சின்ன வேலைக்கு முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுப்பதுதான் அடிப்படைத் தவறு.

பேக்கப் எடுக்க, தேவையான கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனர் போதுமே! ரூட் இல்லாமல் முடியவே முடியாது என்றால், ஸ்கிரிப்டையும் அது இருக்கும் கோப்புறையையும் ரூட் தவிர எவரும் திருத்த முடியாதபடி வையுங்கள். கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்தால், திருடனைத் திட்டி என்ன பயன்?