கடற்கரையில் குனிந்து நிற்கும் குழந்தை

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் தோட்டங்களிலிருந்து கடற்கரைக்குப் பேருந்துகள் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். சிலாங்கூர்த் தோட்டத்தார்க்கு மோரிப், நெகிரி செம்பிலான் தோட்டத்தார்க்குப் போர்ட்டிக்சன் என்று இடம் பெரும்பாலும் முன்னரே முடிவாகிவிடும். விடியுமுன் எழுந்து சமைத்த புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் பேருந்தில் ஏறும். பாய்களும் பானைகளும் பின்தொடரும். உச்சிவெயிலில் கரை சேர்ந்து, குளித்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்து மாலையில் திரும்புவோம். ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வாய்க்கும் இம்மகிழ்ச்சியைக் குறைகூறுவார் யார்?

ஆயினும் அக்கூட்டத்தில் ஒரு குழந்தை மட்டும் தனித்துச் சென்று, கல்லிடுக்கருகே குனிந்து எதையோ உற்று நோக்கிக் கொண்டிருக்கும். “சேற்றில் உனக்கு என்ன வேலை? வந்து சாப்பிடு” என்று தாய் அழைப்பார். மீண்டும் அழைப்பார். மூன்றாம் முறை முதுகில் அடி விழும். அக்குழந்தை குறும்பு செய்யவில்லை. அன்று வந்தவர்களுள் கடலை உண்மையாகவே பார்க்க வந்தது அது ஒன்றுதான் என்பது என் துணிபு.

“மோரிப்பில் என்ன இருக்கிறது, வெறும் சேறுதானே” என்று கூறுவோர் பலர். வெண்மணலும் நீலநீரும் படம் பிடிப்பதற்கு நல்லவை. உயிர்களைத் தேடும் பிள்ளைக்கோ சேறே செல்வம். நீர் வற்றிய மணலில் பாசிமணி அளவேயுள்ள உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கோலமிட்டாற்போல் கிடப்பதைக் காணலாம். அவற்றை உருட்டியவை, நகத்தளவே உள்ள சிறு நண்டுகள். மணலை வாயிலிட்டு, அதிலுள்ள உணவை மட்டும் சலித்தெடுத்து, எஞ்சியதை உருண்டையாக்கி ஒதுக்குகின்றன. காலடியோசை கேட்டால் வளைக்குள் மறைந்துவிடும். ஐந்து நிமிடம் அசையாது அமர்ந்தால் மீண்டும் வெளிவரும். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளையும் இங்கே சிலைபோல் அமர்ந்திருப்பதைப் பெற்றோர் காண வேண்டும்.

அலையாத்தி மரங்களின் வேரருகே, சேற்றில் தாவித் தாவிச் செல்லும் ஒரு மீன் உண்டு. மலாய் மொழியில் அதனைப் பெலாச்சாக் என்பர். உடல் ஈரமாயிருக்கும் வரை தோலாலும் வாயின் உட்புறத்தாலும் அது காற்றைச் சுவாசிக்கும். மீன் நீரில்தான் வாழும் என்று படித்த மாணவன், துடுப்பைக் கால்போல் ஊன்றி நடக்கும் மீனைக் கண்டால் அவனுக்குள் எத்தனை வினாக்கள் எழும்! பெலாங்காஸ் அதனினும் வியப்பானது. பெயருக்கு நண்டு எனப்பட்டாலும் அது சிலந்திக்கும் தேளுக்குமே நெருங்கிய உறவு. 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினம் உலகில் வாழ்ந்து வருகிறது. செம்புச் சத்து கலந்திருப்பதால் அதன் குருதி நீலநிறமாகும். ஆண் பெண்ணைப் பற்றிக்கொண்டே செல்வதால், இணைபிரியாதாரைப் ‘பெலாங்காஸ் போல’ என்பது மலாய் வழக்கு. அது கரையில் மல்லாந்து கிடந்தால் வாலைப் பிடித்துத் தூக்கலாகாது; ஓட்டின் இரு விளிம்புகளையும் பற்றி நிமிர்த்திவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் காண்பதற்கு நேரம் அறிந்து செல்ல வேண்டும். நாமோ பேருந்துக்காரரின் வசதியையும் சோறு வேகும் நேரத்தையும் கொண்டு பயணத்தை வகுக்கிறோம். கடலின் நேரத்தைக் கேட்பதில்லை. நம் மேற்குக் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அந்நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகத் தொலைவிற்கு வற்றும். அந்நாள்களைக் காட்டும் நாட்காட்டி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது! அமாவாசை விரதத்திற்கென்று பார்க்கும் அதே தாளைக் கடற்கரைப் பயணத்திற்கும் பார்க்கலாம். சரியான மணியைக் கரையோர மீனவரும் சொல்வர். கடற்படையைச் சேர்ந்த தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையும் சொல்லும்.

பெற்றோரின் அச்சம் வீணன்று. வற்றிய நீர் மீண்டும் ஏறும்போது சேற்று வெளியில் நெடுந்தூரம் சென்றவர் இடர்ப்படுவர். இழுதுமீன் பட்டால் உடல் எரியும். கூம்பு வடிவச் சங்குகளுள் சிலவற்றின் நஞ்சு உயிரையே போக்கவல்லது. ஆதலின் பிள்ளையைத் தனியே விடுக என்று நான் கூறவில்லை. தந்தையோ தாயோ உடன் சென்று அருகே குனிக என்கிறேன். பால்மரக் காட்டில் பாம்பின் தடத்தைக் கண்டே எச்சரிக்கையாகும் கண்கள் நம் தோட்டப் பாட்டாளிகளுடையவை. அக்கண்கள் கடற்கரையிலே பாயில் படுத்து உறங்குவானேன்?

இனி, பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டு வாருங்கள். மைலோ டின்னில் அடைத்துக் கொண்டுவரும் நண்டு தோட்டத்துக் குழாய்நீரில் வாழாது. மறுநாள் காலை டின்னில் நாற்றமே மிஞ்சும். வெறுஞ்சங்கை எடுத்தால் என்ன என்பீர்கள். துறவி நண்டிற்கு அதுவே வீடு. வளர வளரப் பெரிய சங்கிற்குக் குடிபெயர வேண்டிய உயிர் அது. நாம் சங்குகளைப் பொறுக்கிச் சென்றுவிட்டால் நெகிழிப் புட்டியின் மூடிக்குள்ளும் புகுந்துகொள்ளும்.

ஆசை மட்டும் மிகுந்து அடக்கம் இல்லாதபோது நேர்ந்ததை நம் நாடே கண்டது. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில், 1950களில் தோல் முதுகுடைய பேராமைகள் ஆண்டிற்கு ஏறக்குறைய 10,000 முறை கரையேறி முட்டையிட்டன. பார்க்கச் சென்றோர் விளக்கடித்தனர். சிலர் முதுகிலேறியும் அமர்ந்தனர். முட்டைகள் சந்தைக்குச் சென்றன. ஆமைகள் மீன்வலைகளில் சிக்கி மாண்டன. இந்நூற்றாண்டு பிறந்தபோது அவ்வாமைகள் வருவதே அரிதாகிவிட்டது. ஆமை முட்டை விற்பனையைத் திரங்கானு முற்றாகத் தடைசெய்தது 2022இல்தான்.

நண்டைத் துரத்தி விளையாடுவதை ‘அலவன் ஆட்டல்’ என்று சங்கப் புலவர்கள் நெய்தற் பாடல்களில் குறித்துள்ளனர். நம் பிள்ளைகளோ விடுமுறை முடிந்ததும் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று எழுதும் கட்டுரைகளில் புறப்பட்ட மணி, உண்ட உணவு, திரும்பிய மணி இவற்றையே எழுதுகின்றனர். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை; பார்க்க விடாமல் அழைத்துக்கொண்டது நாம்தாமே. தாம் கண்ட ஓருயிரை மட்டும் வரைந்து, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பத்து வரி எழுதுமாறு ஆசிரியப் பெருமக்கள் பணித்துப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கட்டுரைகளுக்கு இரண்டு பக்கமேனும் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன்.